மூன்று கிளினிக்குகள், ஒரே உடம்பு

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் எவ்வளவு காலம் வாழலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒழுங்காகக் குளிசை எடுத்தால் மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழலாம் என்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. முதுமை வரை வாழப்போகிறோம் என்றால் அந்த முதுமை எப்படி இருக்கும் என்பதே அவற்றின் கவலை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். ஊர், தொழில் போன்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 47. பதினொரு வருடமாக எச்.ஐ.வி.க்குக் குளிசை எடுக்கிறேன். இரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். எட்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. இரவில் உடம்பு கொதித்து வியர்க்கிறது. வயிறு எந்நேரமும் ஊதினமாதிரி இருக்கிறது. இப்போது கோயில் படி ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. வியர்வைக்கு சுகவனிதையர் கிளினிக்கிலும் வயிற்றுக்கு ஓ.பி.டி.யிலும் காட்டினேன். ஆனால் எனக்கு எச்.ஐ.வி. இருப்பதைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. வைரஸ் அடங்கிவிட்டது என்றால் இதெல்லாம் ஏன் வருகிறது?
– மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: சகோதரி, மூச்சு வாங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது அண்மையில் தொடங்கியது என்றால், வயதின் களைப்பு என்று தள்ளிப்போட வேண்டாம். இந்தக் கிழமைக்குள் வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்து, குருதி அமுக்கம், சீனி, கொலஸ்ரோல், குருதிச்சோகை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குருதிச்சோகையாலும் இப்படி மூச்சு வாங்கலாம், தைரொயிட் கோளாறாலும் வாங்கலாம், இதயத்தாலும் வாங்கலாம். எதனால் என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்பது பெரிய வெற்றி. அந்த நிலையைத் தொடர்ந்து காப்பாற்றுபவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகத் தொற்று மற்றவருக்குப் போகாது என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட உண்மை. ஆனால் வைரஸ் உடம்பை விட்டுப் போய்விடவில்லை. சில கலங்களுக்குள் அது பதுங்கியிருக்கிறது. அதனால் நோய் எதிர்ப்புச் சக்தி ஒருபோதும் முழுதாக ஓய்வதில்லை. சூடடித்து முடிந்த களத்தில் உமிக் குவியலுக்கு வைத்த நெருப்பைப் பார்த்திருப்பீர்கள். மேலே சுவாலை தெரியாது, கையை வைத்தால்தான் சூடு தெரியும், நாட்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மருத்துவத்தில் நாட்பட்ட அழற்சி என்று சொல்வது இதைத்தான். இந்த அழற்சி இதயத்துக்குக் குருதி கொண்டுபோகும் நாடிகளின் உட்சுவரைத் தொடர்ந்து உறுத்துகிறது. உறுத்தப்பட்ட இடத்தில் கொழுப்புப் படிகிறது. படிந்தது ஒருநாள் வெடித்துக் குருதி உறைந்தால் அதுவே மாரடைப்பு.

இந்தப் பாதிப்பு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. பொஸ்டன் நகரின் இரண்டு பெரிய வைத்தியசாலைகளின் பதிவுகளை வைத்து 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 1.4 மடங்காகவும், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 3 மடங்காகவும் இருந்தது. இதை வாசித்துப் பயந்துவிடாதீர்கள். நடுவயதுப் பெண்களுக்கு மாரடைப்பு வருவது பொதுவாகவே குறைவு, அந்தக் குறைந்த எண்ணிக்கையின் மூன்று மடங்குதான் இது. இருந்தாலும், 'பெண்களுக்கு நெஞ்சு வருத்தம் வருவது குறைவு' என்று நம் ஊரில் சொல்லும் ஆறுதலை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெண்ணுக்கு இது ஏன் கூடுகிறது என்பதில்தான் உங்கள் மற்ற இரண்டு முறைப்பாடுகளும் வந்து சேர்கின்றன. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன், பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது நாடிகளை இளக்கமாக வைத்திருக்கிறது. கெட்ட கொலஸ்ரோலைக் குருதியிலிருந்து ஈரல் இழுத்துக்கொள்வதற்கு உதவுகிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறையும்போது, ஓரிரு வருடங்களுக்குள் கெட்ட கொலஸ்ரோல் உயர்கிறது, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு மாறுகிறது, குருதி அமுக்கமும் ஏறத் தொடங்குகிறது. மற்றப் பெண்களிலும் இதெல்லாம் நடக்கிறது. உங்கள் உடம்பில் உமி நெருப்பு ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்க, மேலிருந்த ஈரச்சாக்கையும் எடுத்துவிட்டது போல் ஆகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களில் மாதவிடாய் சற்று முந்தியே நிற்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. சூலகத்தில் மீதமிருக்கும் முட்டைகளின் இருப்பு குறைந்துபோன பெண்களின் இதய நாடிகளில் கொழுப்புப் படிவு கூடுதலாகக் காணப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது, குடல். நம் உடம்பின் நோய் எதிர்ப்புக் கலங்களில் பெரும்பங்கு குடலைச் சுற்றியே குடியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளே வந்த முதல் சில வாரங்களிலேயே அதிகமாக அழிப்பது அங்கிருக்கும் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புக் கலங்களைத்தான். காவலர் குறைந்ததும் குடலின் சுவர் கசியத் தொடங்குகிறது. குடலுக்குள் இருக்க வேண்டிய பக்டீரியாக்களின் துணுக்குகள் குருதிக்குள் வருகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் குருதியில் இந்தத் துணுக்குகள் கூடுதலாக இருப்பதும், அவைதான் நோய் எதிர்ப்புச் சக்தியை ஓயாமல் தூண்டுகின்றன என்பதும் 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. குளிசை எடுத்தபின் கசிவு குறைகிறது, ஆனாலும் முற்றாக அடைபடுவதில்லை. நாம் முன்பு பார்த்த அழற்சிக்கு எரிபொருள் போய்ச் சேரும் வழிகளில் இது ஒன்று.

ஓமோனும் குடலும் தனித்தனியே இயங்குவதில்லை என்பதை நான் படித்தபோது வியந்தேன். ஈஸ்ட்ரஜனை ஈரல் ஒரு வகைச் சர்க்கரையோடு கட்டிப் பித்தத்தின் வழியாகக் குடலுக்கு அனுப்பி வெளியேற்றப் பார்க்கிறது. குடலில் இருக்கும் சில பக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. அவிழ்ந்த ஓமோன் மறுபடி குருதிக்குள் போகிறது. ஆக, ஒரு பெண்ணின் குருதியில் எவ்வளவு ஈஸ்ட்ரஜன் சுற்றுகிறது என்பதில் அவளுடைய குடல் பக்டீரியாக்களுக்கும் பங்கிருக்கிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிய மக்களிடையே நடத்தி 2022 இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களின் குடல் பக்டீரியாக் கூட்டம் ஆண்களுடையதை ஒத்ததாக மாறியிருந்தது. எச்.ஐ.வி.யும் குடல் பக்டீரியாவும் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களிடமே செய்யப்பட்டன. ஆண்களில் கண்டதை அப்படியே பெண்களுக்குப் பொருத்துவது தவறு என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். இன்னும் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதிலிருந்து நான் உங்களிடம் கேட்பது ஒன்றே. வியர்வையை ஓரிடத்திலும் வயிற்றை இன்னோரிடத்திலும் காட்டினீர்கள், மூச்சு வாங்குவதை எங்குமே காட்டவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். உங்களுக்கு எச்.ஐ.வி. குளிசை தரும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தின் வைத்தியர்தான் அவர். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்று இடங்களிலும் அந்த நிலையங்கள் இருக்கின்றன. சிகிச்சை இலவசம், இரகசியமும் காக்கப்படுகிறது. அடுத்த முறை போகும்போது மாதவிடாய் எப்போது நின்றது என்ற திகதியை அவருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார் என்று வைத்துக்கொண்டு நீங்களாகவே சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. மற்ற வைத்தியருக்குக் காட்ட ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள்.

எச்.ஐ.வி. இருப்பதை மறைப்பதன் காரணம் எனக்குத் தெரியும். சில காலத்துக்கு முன் என்னிடம் வந்த ஓர் அம்மா, என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் கைப்பையின் அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். தினசரி நாட்காட்டியின் தாளை எட்டாக மடித்து, அதற்குள் ஏழு குளிசைகள். போத்தலின் லேபிளை வீட்டில் யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கிழமைக்கொரு தாளாக மாற்றி மாற்றி மடித்து வைத்திருந்தார். குளிசைகளின் விளிம்பு ஈரத்தில் பூத்திருந்தது. கிழக்கின் மாரிகாலத்தில் காகிதத்தில் மடித்த குளிசை கெட்டுப்போகும். அவை வரும் போத்தலிலேயே, அதில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பையுடன், மூடி இறுக்கி வைக்க வேண்டும். லேபிள்தான் பிரச்சினை என்றால் அதை உரித்துவிடுங்கள். ஆனால் பெயரையும் அளவையும் எழுதிய துண்டொன்று உங்களிடம் இருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வைரஸ்தான் தெரியவில்லையே, கொஞ்சக் காலம் நிறுத்தினால் உடம்புக்கு ஓய்வாக இருக்குமே' என்று எண்ணிவிடாதீர்கள். இப்படி இடையிடையே நிறுத்திப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு 2006 இல் வெளிவந்தது. 5,400 க்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்குபற்றினார்கள். நிறுத்தியவர்களிடையே மரணங்கள் கூடின, இதய நோய்களும் கூடின.

கேள்வி: குடலில் நல்ல பக்டீரியா வளர்ந்தால் இதயத்துக்கு நல்லது என்று கைபேசியில் பார்த்தேன். நம் மட்டக்களப்புத் தயிர் இருக்கும்போது விலை கூடிய புரோபயோட்டிக் குளிசை எதற்கு? தினமும் ஒரு கோப்பை தயிர் சாப்பிட்டால் போதாதா? இறைச்சியும் மீனும் இதயத்துக்குக் கூடாத ஒன்றை உண்டாக்குமாமே, அது உண்மையா?
– எச்.ஐ.வி. உள்ள ஓர் ஆசிரியை

பதில்: ஆசிரியை அவர்களே, நீங்கள் பார்த்ததில் பாதி சரி. புரோபயோட்டிக் குளிசை எடுத்தால் மாரடைப்பு குறையும் என்று எந்தப் பரிசோதனையும் நிறுவவில்லை. ஆகவே அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். தயிர் நல்ல உணவு. ஆனால் பாலை உறைய வைக்கும் பக்டீரியாக்கள் குடலில் வந்து போகும் விருந்தாளிகள் மாதிரி, நிரந்தரமாகக் குடியேறுவது குறைவு. எருமைத் தயிரில் கொழுப்பும் கூட. சட்டியின் மேல் திரண்டிருக்கும் ஆடையை எடுத்துவிட்டு, மேலே பாணியும் சீனியும் கொட்டாமல், ஒரு சின்னக் கோப்பை அளவு சாப்பிடுங்கள். காய்ச்சாத பாலில் செய்த எதையும் தவிருங்கள்.

குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பக்டீரியாக்களுக்குத் தீனி போடுவதுதான் பயனுள்ள வழி. அவற்றின் தீனி நார்ச்சத்து. நம்மால் செமிக்க முடியாத நாரை அவை புளிக்க வைத்து பியூட்டிரேற் போன்ற சிறு கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் சுவரிலிருக்கும் கலங்கள் பெரும்பாலும் இந்தப் பியூட்டிரேற்றை எரித்தே உயிர்வாழ்கின்றன. சுவர் உறுதியாக இருந்தால் கசிவு குறையும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் குடலில் இந்த அமிலத்தை உண்டாக்கும் பக்டீரியாக்கள் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே வெள்ளைப் பச்சையரிசிச் சோற்றைத் தவிடு நீக்காத சிவப்பரிசிக்கு மாற்றுங்கள். குரக்கன் பிட்டு, கௌபி, பயறு, முருங்கைக்கீரை, வல்லாரை, வாழைப்பூ, பலாக்கொட்டை எல்லாம் நம் வளவுக்குள்ளும் சந்தையிலும் கிடைப்பவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு ஊதும், இரண்டு மூன்று கிழமைகளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தடிமன் காய்ச்சலுக்கெல்லாம் பாமசியில் கேட்டு அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை நிறுத்துங்கள். எச்.ஐ.வி. கிளினிக்கில் வேறு தொற்றுகள் வராமல் தடுக்கத் தரும் குளிசை வேறு, அதை நிறுத்தக்கூடாது.

இறைச்சி பற்றிய செய்தியில் உண்மை இருக்கிறது. சிவப்பு இறைச்சியிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இருக்கும் சில சத்துக்களைக் குடல் பக்டீரியாக்கள் ஒரு வாயுவாக மாற்றுகின்றன, அதை ஈரல் டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாற்றுகிறது. அது கூடினால் நாடிகளுக்குக் கேடு என்று பொதுமக்களிடையே நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் கடல் மீனில் இதே பொருள் இயற்கையாகவே நிறைய இருக்கிறது, அப்படியிருந்தும் மீன் உண்பவர்களுக்கு இதய நோய் கூடுவதில்லை. வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு கைபேசிச் செய்தியை நம்பி மீனை விட்டுவிட வேண்டாம். பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ உண்ணுங்கள், தேங்காய்ப்பாலின் தலைப்பாலைக் குறையுங்கள். கருவாட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னத் தேக்கரண்டி ஒன்றின் அளவுதான் அது.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. எச்.ஐ.வி. குளிசையோடு சீனிக்கு மெற்போமினும், எலும்புக்குக் கல்சியமும், நெஞ்செரிவுக்குப் பாமசியில் வாங்கும் குளிசையும் எடுக்கிறார். இப்போது கொலஸ்ரோலுக்கும் ஒன்று தொடங்கச் சொல்கிறார்கள். இத்தனை குளிசை ஒன்றோடொன்று மோதாதா? கொலஸ்ரோல் அளவு அவ்வளவு கூட இல்லை என்றும் சொன்னார்கள். பிறகு ஏன்?
– அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒரு மகன்

பதில்: தம்பி, உங்கள் அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருப்பதால், எச்.ஐ.வி. இல்லாவிட்டாலும் அந்த வயதில் கொலஸ்ரோல் குளிசை கொடுப்பது வழக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது இன்னும் பயன் தரும் என்பதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது. ரிப்ரீவ் என்ற பெயரில் 12 நாடுகளில் 7,769 பேரிடம் ஒரு பரிசோதனை நடந்தது. இந்தியாவும் அந்த நாடுகளில் ஒன்று. 40 முதல் 75 வயது வரையான, எச்.ஐ.வி. உள்ள, இதய நோய் வாய்ப்பு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்றவாஸ்ரற்றின் என்ற குளிசையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. பயன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 2023 இல் பரிசோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதில் பங்குபற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். கொலஸ்ரோல் அளவு கூடாதவர்களுக்கும் பயன் கிடைத்தது. ஸ்ரற்றின் வகைக் குளிசைகள் கொலஸ்ரோலைக் குறைப்பதோடு நாடியின் அழற்சியையும் தணிப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிலருக்குத் தசை நோவும், சிலருக்குச் சீனி சற்று உயர்வதும் உண்டு. அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மோதுமா என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. விடை, அம்மா எந்த எச்.ஐ.வி. குளிசை எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ரிட்டோனவிர் சேர்ந்த குளிசை என்றால் சிம்வாஸ்ரற்றின் என்ற கொலஸ்ரோல் குளிசையை ஒருபோதும் அதனுடன் எடுக்கக்கூடாது. ஸ்ரற்றின் குருதியில் பலமடங்கு ஏறித் தசை சிதையும், சிறுநீரகமும் பழுதாகும். அற்றோவாஸ்ரற்றின் என்றால் அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். இப்போது பலருக்கும் தரும் டொலுற்றெகிரவிர் என்ற குளிசையோடு ஸ்ரற்றின்களால் அப்படிப்பட்ட தொல்லை இல்லை. ஆனால் அது மெற்போமினின் அளவைக் குருதியில் உயர்த்தும், ஆகவே மெற்போமின் பொதுவாக ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அம்மாவின் அளவைப் பாருங்கள், கூட இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கல்சியமும் இரும்புச்சத்தும் டொலுற்றெகிரவிரைக் குடலில் பிடித்துவைத்து உறிஞ்சவிடாமல் செய்யும். வயிறு நிறையச் சாப்பிட்டு மூன்றையும் ஒன்றாக எடுக்கலாம். வெறும் வயிற்றில் என்றால் டொலுற்றெகிரவிரை இரண்டு மணித்தியாலம் முந்தியோ ஆறு மணித்தியாலம் பிந்தியோ எடுக்க வேண்டும். நெஞ்செரிவுக்கு வாங்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துக்கு உணவோடு எடுக்கும் சலுகையும் கிடையாது, அந்த நேர இடைவெளி கட்டாயம். அற்றசனவிர் என்ற எச்.ஐ.வி. குளிசை எடுப்பவர் என்றால் ஒமெப்பிறசோல் போன்ற அமிலம் குறைக்கும் குளிசையே அதன் வேலையைக் கெடுத்துவிடும். பாமசியில் ஐந்து நிமிடத்தில் வாங்கும் ஒரு பொருள், இத்தனை வருடம் அடக்கி வைத்த வைரஸை எழுப்பிவிடலாம். ஆகவே இன்றைக்கே ஒரு தாளில் அம்மா எடுக்கும் எல்லாவற்றையும், எண்ணெயும் கசாயமும் உட்பட, எழுதுங்கள். அந்தத் தாளோடு எச்.ஐ.வி. கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள்.

டொலுற்றெகிரவிர் தொடங்கிய பின் நிறை கூடுவதைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கில் நடந்து 2019 இல் வெளியான பரிசோதனையில் நிறை கூடியது பெண்களுக்கே அதிகம். மாலையில் அரை மணித்தியாலம் வேகமாக நடக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். கூட ஒருவர் நடந்தால் அவர் நிச்சயம் நடப்பார்.

கேள்வி: உடம்பு கொதிப்பதற்கு ஓமோன் குளிசை வாங்கிப் போடலாமா? இதயத்துக்கும் நல்லது என்கிறார்களே.
– 50 வயது வாசகி

பதில்: இதயத்தைக் காக்க என்று ஓமோன் எடுக்க வேண்டாம். ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்ரரோனும் சேர்ந்த குளிசையைப் பல்லாயிரம் அமெரிக்கப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை, கேடு மிகுந்ததால் 2002 இல் இடையில் நிறுத்தப்பட்டது. கொதிப்பும் வியர்வையும் தாங்க முடியாதபடி இருந்தால், 60 வயதுக்குக் குறைந்த, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் உள்ள சிலருக்கு வைத்தியர் பார்த்து அதைக் கொடுக்கலாம். உங்கள் எச்.ஐ.வி. குளிசையில் எபாவிரென்ஸோ ரிட்டோனவிரோ இருந்தால் ஓமோனின் அளவு மாறிப்போகும் என்பதால், அந்த வைத்தியருக்கு உங்கள் குளிசையின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். பாமசியில் நீங்களாக வாங்காதீர்கள்.

கேள்வி: நோன்பு காலத்தில் எச்.ஐ.வி. குளிசையை எப்படி எடுப்பது? பிரஷர் குளிசையும் இருக்கிறது.
– ஒரு சகோதரி

பதில்: ஒரு நாளைக்கு ஒருமுறை எடுக்கும் குளிசை என்றால் நோன்பு திறந்து சாப்பிட்ட பின் எடுக்கலாம், நாள்தோறும் அதே நேரத்தில். பிரஷர் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றுவதென்றால் நோன்பு தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே வைத்தியரைக் கேளுங்கள். குறிப்பாகச் சிறுநீர் கூட்டும் குளிசை இருந்தால் கேட்காமல் இருக்க வேண்டாம். நோன்பு திறக்கும்போது பொரித்த பலகாரத்தைக் குறைத்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் முதலில் எடுங்கள்.

கேள்வி: அம்மாவும் நானும் மட்டுமே வீட்டில். அம்மாவுக்கு இந்த வருத்தம் இருப்பது எனக்கு மட்டும் தெரியும். இரவில் அவருக்கு நெஞ்சு நோ வந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை.
– ஒரு மகள்

பதில்: மகளே, உங்களுக்கு என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வைத்தியத் தொழிலைத் தொடங்கிய காலத்தில், ஒரு வைத்தியசாலையின் இரவுக் கடமையில் இருந்தபோது, ஐம்பது வயதை எட்டிய ஓர் அம்மாவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் நோ இல்லை என்றார். தாடையும் முதுகும் பாரமாக இருக்கிறது, ஓங்காளமாக இருக்கிறது, கை கால் சோர்கிறது என்றார். காஸ்ரிக் என்று முடிவு செய்து, ஒரு பால்மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். விடியும் முன்னே திரும்பக் கொண்டுவந்தார்கள், மாரடைப்பு. அவர் உயிர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செயலிழந்துபோயிற்று. முதல் வருகையில் ஓர் ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்குப் பிறகு நாற்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணையும் ஈ.சி.ஜி. பார்க்காமல் காஸ்ரிக் என்று நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

ஆகவே அம்மாவுக்கு நெஞ்சு இறுகுவது மட்டுமல்ல, தாடை, முதுகு, தோள், மேல்வயிறு எதிலாவது புதிதாக ஒரு பாரம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சிளைப்பு, ஓங்காளம், சொல்லத் தெரியாத சோர்வு இவற்றில் ஏதும் பதினைந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 1990 க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். அது வரும் வரை அம்மாவை நடக்கவிடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், பக்கத்து வீட்டாரைக் கேட்டு முடிவெடுக்கவும் வேண்டாம்.

இப்போதே ஒரு துணிப்பையில் அம்மாவின் கிளினிக் கொப்பி, குளிசைகள், அவற்றின் பெயரும் அளவும் எழுதிய தாள் மூன்றையும் போட்டுக் கதவின் பக்கத்தில் கொளுவி வையுங்கள். வைத்தியசாலையில் 'என்ன வருத்தம் இருக்கிறது' என்று வாசலில் பலர் முன்னே கேட்டால் நீங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை. தாளை மடித்துக் கடமையிலிருக்கும் வைத்தியரின் கையில் கொடுத்து, 'டொக்டர், இதைப் பார்த்துவிட்டு மருந்து போடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். அவர் விளங்கிக்கொள்வார்.